பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த க்ரூசர்

என் அம்மா வீடு போடிநாயக்கனூரில். மதுரை கோச்சடையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவையாவது நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில்தான் போவோம். 2023-ல் போடிக்கு ரயில் வந்துவிட்டது, அதில் போகலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் ரயில் நேரத்துக்கு எங்கள் இருவருடைய வேலையும் ஒத்துவருவதில்லை. நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் நான் பேசிக்கொண்டே வருவேன். ஆண்டிபட்டி கணவாய் நெருங்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும். இடுப்பில் ஒரு வலி தொடங்கி முழங்கால் வரை இறங்கும். பழைய வண்டி 150 சிசி, பின் சீட் உயரமாக, சரிவாக, கைப்பிடிக்கக் கம்பி ஒன்று மட்டும். கணவாயில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, பத்து நிமிடம் நின்று, அப்புறம்தான் மறுபடி ஏற முடியும். இப்படி நான்கு வருடம்.

வண்டியை மாற்றலாம், இந்தத் தடவை க்ரூசர், அதாவது தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற நீள வண்டி, எடுக்கலாம் என்று அவர் சொன்னபோது நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் நான் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நான் சரி என்றால்தான் முன்பணம். நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக ஷாக் அப்சார்பர், செயின் செட், பிரேக் ஷூ என்று பில் போட்டுப் போட்டு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், மெக்கானிக் தம்பிகளும் பழக்கம். அதனால் யாராவது சொன்னதை அப்படியே நம்பாமல், சொந்தக்காரர்கள், நண்பர்களின் வண்டிகளில் உட்கார்ந்து, ஷோரூம்களுக்கும் போய், ஒன்றரை மாதம் அலைந்து பார்த்து எடுத்த முடிவு இது. க்ரூசரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். பின்னால் இருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில் கழித்துவிட்ட வண்டிகளைச் சொல்லிவிடுகிறேன். ஜாவா பெராக், ஜாவா 42 பாபர் இரண்டும் பார்க்க அவ்வளவு அழகு, அவருக்கு பெராக் மேல் ஒரு கண் இருந்தது, ஆனால் இரண்டும் ஒற்றை சீட்டோடு வரும் வண்டிகள், பேச்சுக்கே இடமில்லை. கவாசாகி வல்கன் எஸ் 649 சிசி, 235 கிலோ, ஏழு லட்சத்துக்கு மேல். அதன் பின் சீட் ஒரு உள்ளங்கை அகலத் தலையணை மாதிரி, நீளப் பயணத்துக்கு ஆள் உட்கார என்று செய்ததாகத் தெரியவில்லை. கவாசாகி எலிமினேட்டர் 451 சிசி, வெறும் 176 கிலோதான், எடைக்கு ஏற்ற நல்ல எஞ்சின், ஆனால் வெளிநாட்டிலிருந்து முழுதாக வந்து இறங்கும் வண்டி, ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. எங்கள் கைக்கு எட்டாதது. மிஞ்சியது நான்கு: பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220, ஹோண்டா ஹைனெஸ் சிபி350, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, அதே கம்பெனியின் சூப்பர் மீட்டியார் 650. ஹைனெஸ் சரியான அர்த்தத்தில் க்ரூசர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அதே விலையில், அதே ஆட்கள் யோசிக்கிற வண்டி என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

க்ரூசர் என்றால் சொகுசு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது உண்மை. பின்னால் இருப்பவருக்கு அது பாதி உண்மைதான். சீட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்றால் பின் ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைக் குறைக்க வேண்டும், அந்தத் தூரம் குறைந்தால் பள்ளத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங்குக்கு இடம் இருக்காது. அது போக, பின் சீட் ஏறக்குறைய பின் சக்கரத்துக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறார். ஒரே பள்ளத்தில் அவருக்கு ஒரு அசைவு, எனக்கு முதுகுத்தண்டில் ஒரு குத்து. இதைவிட முக்கியமான ஒன்றை நான் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். சாதாரண பைக்கில் வேகத்தடை வந்தால் ஓட்டுகிறவர் ஃபுட்ரெஸ்டில் காலை அழுத்தி உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்வார், அவர் தோள் உயர்வதைப் பார்த்து நானும் சுதாரித்துக்கொள்வேன். க்ரூசரில் அவர் கால் முன்னால் நீட்டி இருக்கிறது, உடம்பைத் தூக்க முடியாது, அதனால் எனக்கு அந்த முன்னறிவிப்பும் கிடையாது. ஆகவே க்ரூசரில் ஷாக் அப்சார்பரும் சீட் மெத்தையும் நன்றாக இல்லை என்றால் பின்னால் இருப்பவருக்கு 150 சிசி வண்டியே மேல்.

தாழ்ந்த சீட்டால் எனக்குக் கிடைத்த நன்மை நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. ஏறும்போது. என் வீட்டுக்காரர் ஐந்தரை அடி கூட இல்லை. பழைய வண்டியில் நான் ஏறும்போது அவர் நுனிக்காலில்தான் நிற்பார், நான் இடது ஃபுட்ரெஸ்டில் கால் வைத்த அந்த நொடி வண்டி என் பக்கம் சாயும், இருவருக்கும் ஒரு திக் என்று இருக்கும். மீட்டியார் 350-ன் சீட் 765 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியார் 740, அவெஞ்சர் 737. மூன்றிலும் அவர் இரண்டு பாதத்தையும் முழுக்க ஊன்றி நின்றார், நான் சாவகாசமாக ஏறினேன். ஹைனெஸ் 800, அங்கே மறுபடி குதிகால் தூக்கியது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், கம்பெனி விளம்பரத்தில் போடும் சீட் உயரம் ஓட்டுகிறவருடையது. பின் சீட் அதைவிட உயரமாகத்தான் இருக்கும், அந்த அளவை யாரும் அச்சடிப்பதில்லை, டேப் வைத்து நாமே அளந்தால்தான் உண்டு. நான் அளந்தேன். அளந்ததைவிட முக்கியம், பின் சீட்டுக்கும் பின் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள இடைவெளி. அது குறைந்தால் முழங்கால் மடங்கி மேலே வந்துவிடும், அரை மணி நேரத்தில் மரத்துப்போகும்.

சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர். கல்யாணம், கோயில், துக்க வீடு, எதற்கும் சேலைதான். நானும் ஊருக்குள் அப்படித்தான் போகிறேன். போடிக்குப் போகும்போது சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருகிறேன், நீள ரோட்டில் ஒரு பக்கமாக உட்காருவது ஆபத்து, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், திடீர் பிரேக்கில் பிடிப்பு இருக்காது. ஆனால் வண்டி இரண்டு விதமாகவும் உட்காரத் தோதாக இருக்க வேண்டும். இதில் சூப்பர் மீட்டியாருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கமாக உட்காரும்போது நம் கால் தொங்குவது இடது பக்கம், அங்கேயும் ஒரு சூடான குழாய். சேலை முந்தானையோ பாவாடை ஓரமோ அதில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற மூன்றிலும் சைலன்சர் வலது பக்கம் மட்டும். அப்புறம் சாரி கார்டு. ‘லுக் கெட்டுவிடும்’ என்று அதைக் கழற்றிப் போடுகிற பையன்களை வாரம் இரண்டு பேராவது கடையில் பார்க்கிறேன். பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. சட்டத்தை விடுங்கள், சக்கரத்தில் சேலை சுற்றினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தவர்கள் கழற்றமாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

இனி எடைக் கணக்கு. இதை நான் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டேன். அவர் 74 கிலோ, நான் 63, பை 13 என்று வைத்தால் 150 கிலோ. இதை வண்டியின் எடையோடு கூட்டினால் அவெஞ்சர் (163) 313 கிலோ, ஹைனெஸ் (181) 331, மீட்டியார் 350 (191) 341, சூப்பர் மீட்டியார் (241) 391. இப்போது எஞ்சினின் இழுவை, அதாவது டார்க். அவெஞ்சர் 17.55 நியூட்டன் மீட்டர், மீட்டியார் 27, ஹைனெஸ் 30, சூப்பர் மீட்டியார் 52.3. மொத்த எடையில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் எவ்வளவு இழுவை கிடைக்கிறது என்று வகுத்தால் அவெஞ்சருக்கு 5.6, மீட்டியாருக்கு 7.9, ஹைனெஸுக்கு 9.1, சூப்பர் மீட்டியாருக்கு 13.4. கியர் விகிதம் என்று ஒன்று இருக்கிறது, அதனால் இதையே வேதவாக்காக எடுக்க முடியாது, ஆனால் பின்னால் உட்கார்ந்தபோது உடம்புக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அந்த இழுவை எஞ்சின் எந்தச் சுற்றில் வருகிறது என்பது. ஹைனெஸுக்கு 3000 ஆர்பிஎம்மில், மீட்டியாருக்கு 4000-ல், அவெஞ்சருக்கு 7000-ல். தாழ்ந்த சுற்றில் இழுவை வந்தால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம், பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் ‘டொக் டொக்’ என்று முட்டாது. இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு குதிரைத்திறனைவிட இதுதான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

அவெஞ்சரைப் பற்றி எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு ஒரு பாசம் உண்டு. 2001-ல் பஜாஜ் கவாசாகியோடு சேர்ந்து எலிமினேட்டர் என்று கொண்டுவந்தது, 2005-ல் அதே அச்சில் அவெஞ்சர் வந்தது, இன்றைக்கும் கையில் ஒன்றரை லட்சத்துக்குள் வைத்துக்கொண்டு க்ரூசர் கேட்டால் அதுதான். எங்கள் கடை முதலாளி அண்ணனிடம் இருக்கிறது. அதன் பின் சீட் அகலம், முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறது, திருப்பரங்குன்றம் போய்வரும்வரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஊருக்குள்ளும் ஐம்பது கிலோமீட்டருக்குள்ளும் போதும் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம், மிச்சப் பணத்துக்கு வீட்டில் ஆயிரம் செலவு இருக்கிறது. நாங்கள் விட்டதற்குக் காரணம் மலையும் பிரேக்கும். இரண்டு பேரோடு ஏற்றத்தில் எஞ்சினைக் கத்தவிட்டால்தான் இழுக்கிறது. பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். பின்னால் ஒரு ஆள் உட்காரும்போது எடை பின் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் ஒற்றை ஆளாகப் போவதைவிட இருவராகப் போகும்போது பின் பிரேக்குக்கு வேலை அதிகம். கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டு பக்கமும் ஏபிஎஸ் வேண்டும். மற்ற மூன்றிலும் அது இருக்கிறது.

ஹைனெஸ் எஞ்சின் எனக்கு மிகவும் பிடித்தது. அதிர்வு குறைவு, அந்தத் தாழ்ந்த சுற்று இழுவை, சத்தமும் நன்றாக இருந்தது. நிமிர்ந்து உட்காரும் வண்டி என்பதால் ஓட்டுகிறவரின் கால் கிட்டத்தட்ட அவருக்குக் கீழேயே இருக்கிறது, மேடு பள்ளத்தில் அவரால் உடம்பைத் தூக்க முடிகிறது, நான் மேலே சொன்ன குறை இதில் இல்லை. உயரமான ஆட்கள் என்றால் நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எங்களுக்கு அந்த 800 மில்லிமீட்டர்தான் இடித்தது. கோரிப்பாளையம் சிக்னலில் நாலா பக்கமும் ஆட்டோ நெருக்கும்போது நுனிக்காலில் நிற்கும் ஆளின் பின்னால் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

சூப்பர் மீட்டியாருக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையில் போட்டி இதற்கும் மீட்டியார் 350-க்கும்தான். அவருடைய நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாங்கிக்கொண்டு நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் ஏறினோம். 2023-ல் திறந்த அந்தப் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அந்த நேரத்தில் காலியாக இருக்கும், வண்டி பார்க்க மதுரையில் அதைவிட நல்ல இடம் இல்லை. 648 சிசி, இரண்டு சிலிண்டர். எண்பதில் போகிறோம் என்பதே தெரியவில்லை. ஒரு லாரியைத் தாண்டும்போது அவர் கியரைக் குறைக்கவே இல்லை, வண்டி தானாக ஒரு அலை மாதிரி முன்னால் போனது, எனக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இந்த அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நான்கு வழிச்சாலையில் கன்னியாகுமரி வரை இப்படியே போகச் சொன்னால் போயிருப்பேன்.

பாலம் முடிந்து ஊருக்குள் நுழைந்ததும் வேறு வண்டி ஆகிவிட்டது. 1500 மில்லிமீட்டர் நீளச் சக்கர இடைவெளி, என்னையும் சேர்த்து நானூறு கிலோ பக்கம். மாசி வீதிகளில் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றித் திரும்புவதற்கு அவர் இரண்டு காலையும் ஊன்றி அளந்து அளந்து திருப்பினார். ஒரு சந்தில் எதிரே வந்த தண்ணீர் லாரிக்காக வண்டியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது, நான் இறங்கிப் பின்னால் பிடித்து இழுத்தேன். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி 135 மில்லிமீட்டர். மீட்டியார் 350-ல் 170. இந்த 35 மில்லிமீட்டர் காகிதத்தில் ஒன்றுமில்லை. செக்கானூரணி தாண்டிக் கிராமத்து ரோட்டில் ஊர்க்காரர்களே போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும், வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது, அரை முழ உயரத்துக்கு ஒரு மேடு. இருவர் உட்கார்ந்து வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும்போது அந்த மேட்டை நேராக ஏறக் கூடாது, குறுக்கே சாய்த்துத்தான் ஏற வேண்டும், ஒவ்வொரு தடவையும். பின் ஷாக் அசையும் தூரம் 101 மில்லிமீட்டர்தான். வழவழ ரோட்டில் சொர்க்கம், ஒட்டுப்போட்ட ரோட்டில் என் இடுப்பு சாட்சி சொல்லும். இது அந்த வண்டியின் குறை என்று சொல்லமாட்டேன், தாழ்வாக நீளமாக ஒரு க்ரூசர் செய்தால் கூடவே வருகிற குணம் இது. ஆனால் எங்கள் 90 கிலோமீட்டரில் வழவழ ரோடு எவ்வளவு, ஒட்டு எவ்வளவு என்று எனக்குத்தானே தெரியும்.

பணத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதற்கு மேலே போனால் 40. முன்பு செஸ் சேர்த்து 31-ஆக இருந்தது. மீட்டியார் 349 சிசி, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிசியில் நிற்கிறது. அதனால் 350-க்கும் 650-க்கும் நடுவில் இருந்த வித்தியாசம் இன்னும் அகன்றுவிட்டது, மீட்டியார் ஷோரூம் விலை இரண்டு லட்சத்தை ஒட்டி, சூப்பர் மீட்டியார் நான்கு லட்சத்தை ஒட்டி. இதன் மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள் சாலை வரி 12 சதவீதம், அதாவது சுமார் 24 ஆயிரத்துக்கு எதிரே 48 ஆயிரம். இன்சூரன்ஸும் சிசியைப் பொறுத்து ஏறும். பெட்ரோல் கணக்கில் 350 வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு முப்பதுக்கு மேல் சொல்கிறார்கள், 650 வைத்திருப்பவர்கள் இருபதுக்குச் சற்று மேல். இரண்டு வண்டி விலையில் ஒரு வண்டி. மாதா மாதம் நான்கு வழிச்சாலையில் சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ இருவராகப் போகிறவர்கள், ஓட்டுகிறவர் நல்ல உயரமும் பலமும் உள்ளவர் என்றால், அந்தப் பணத்துக்கு அது தகும். அவர்களுக்கு 350 கொஞ்சம் மூச்சு வாங்கும், தொண்ணூறுக்கு மேல் இருவரோடு மீட்டியாரில் தாண்டிப் போக இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

மீட்டியார் 350 என் சித்தி மகனுடையது, தேனியில் இருக்கிறான். அதை இரண்டு நாள் வாங்கி வைத்துக்கொண்டு, தேனியிலிருந்து போடிக்கும், அப்புறம் போடிமெட்டு மலைப்பாதையில் பாதி தூரமும் போனோம். மலையில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறியது. வேகம் இல்லை, ஆனால் திணறலும் இல்லை, கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது எங்கே சாயப் போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தது, அவர் திருப்புவதும் நான் சாய்வதும் ஒன்றாக நடந்தது. பழைய புல்லட்டில் உட்கார்ந்தவர்கள் அதிர்வைக் கேட்பார்கள். இந்த எஞ்சினில் அதிர்வைத் தணிக்க பேலன்சர் வைத்திருக்கிறார்கள், பின் ஃபுட்ரெஸ்டில் என் பாதம் மரத்துப்போகவில்லை. சீட் மெத்தை அகலம், நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடுப்பின் நிலையை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. இந்த ‘தள்ளி உட்கார இடம்’ என்பதை ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால் போனவர்கள் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். டேங்க் 15 லிட்டர், போடி போய்விட்டு வந்து, மறுபடி போய்விட்டு வந்தாலும் வழியில் பங்க் தேட வேண்டாம்.

சாய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், எனக்கு அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. மீட்டியாரில் ஃபயர்பால் என்ற அடிப்படை மாடலுக்குச் சாய்மானம் கிடையாது. ஸ்டெல்லாருக்கு உண்டு. சூப்பர்நோவாவுக்குச் சாய்மானத்தோடு முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் உண்டு. சித்தி மகன் வைத்திருப்பது ஸ்டெல்லார். சாய்மானம் சாய்ந்து தூங்க இல்லை. அது இல்லாதபோது ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும்போதும், கியர் மாறும்போதும் பின்னால் போகாமல் இருக்க வயிற்றையும் தொடையையும் நாம் இறுக்கிக்கொண்டே இருக்கிறோம். நமக்குத் தெரியாமலே இறுக்குகிறோம். 90 கிலோமீட்டர் இறுக்கினால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? முதுகில் ஒரு தாங்கல் இருந்தால் அந்த இறுக்கம் தேவையே இல்லை. என் வலிக்குப் பாதிக் காரணம் மேடு பள்ளம் இல்லை, இந்த இறுக்கம்தான் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்தது. சாய்மானம் இருந்தால் பின்னால் பெரிய பெட்டி மாட்டுவது கடினம், பக்கவாட்டுப் பைதான் வசதி. எங்களுக்கு அது போதும். அதனால் வெறும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க அடிப்படை மாடல் எடுத்துவிட்டு அப்புறம் வெளியில் சாய்மானம் வாங்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாட்டிய இடத்தில் ஆட்டம் கொடுத்து வந்தவற்றை எங்கள் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஷோரூமில் நடந்த ஒன்று. பெயர் வேண்டாம். டெஸ்ட் ரைடு கேட்டோம். “சார் மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும், மேடம் ஏசியில உக்காருங்க” என்றார் அங்கிருந்த தம்பி. நான் சொன்னேன், “தம்பி, இந்த வண்டியில பாதி நேரம் பின்னாடி உக்காரப் போறது நான்தான். நான் உக்காராம எப்படி வாங்குறது?” இன்சூரன்ஸ், விதி என்று என்னவோ சொன்னார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வேறொரு இடத்தில் மேலாளரிடம் கேட்டதும் உடனே சரி என்றார்கள், இன்னொரு ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம், அது இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஏறாதீர்கள். போகும்போது நல்ல ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு இறங்காதீர்கள். வழக்கமாகப் போகும் உடுப்பில், வழக்கமாக மாட்டும் பையோடு, கால் மணி நேரமாவது உட்காருங்கள். இரண்டு வேகத்தடையாவது ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு தடவை நன்றாக பிரேக் பிடிக்கச் சொல்லி, நீங்கள் அவர் மேல் போய் மோதுகிறீர்களா, கைப்பிடி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். இறங்கி நின்றதும் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

ஸ்டெல்லார் எடுத்தோம். எடுத்து முதல் தடவை போடி போனபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சித்தி மகன் வண்டியில் இல்லாத ஒரு குத்து இதில் இருந்தது, பெரிய பள்ளத்தில் பின்பக்கம் முழுக்க அமுங்கி ‘டக்’ என்று முட்டியது. திங்கட்கிழமை கடைக்கு வந்த மெக்கானிக் தம்பியிடம் சொன்னேன். அவன் குனிந்து பின் ஷாக்கின் அடியைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது ஒத்த ஆளுக்கு வச்சது, நீங்க ரெண்டு பேரு” என்றான். மீட்டியாரின் பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இறுக்க ஆறு படி இருக்கிறது, எங்கள் வண்டியில் அது தாழ்ந்த படியில் நின்றது. சி வடிவ ஸ்பேனர் ஒன்றை மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே படியில் வருகிறதா என்று எண்ணி எண்ணி, நான்காவதில் வைத்தான். இரண்டு பக்கமும் ஒரே படி என்பது முக்கியம், ஒன்று கூட ஒன்று குறைய இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின் டயர் காற்றையும் இருவருக்கான அளவுக்கு ஏற்றச் சொன்னான், ஓட்டுகிறவர் மட்டும் போவதற்கு ஒரு அளவு, இருவருக்கு ஒரு அளவு என்று வண்டியோடு தரும் புத்தகத்திலேயே தனித்தனியாகப் போட்டிருக்கிறது, நாங்கள் பிரித்தே பார்க்கவில்லை. மொத்தம் ஐந்து நிமிட வேலை. எத்தனை வீட்டில் பின்னால் உட்காருபவர்கள் இந்த ஐந்து நிமிடம் செய்யாததால் வருடக்கணக்கில் வலியோடு போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. க்ரூசர் இல்லை, எந்த வண்டியாக இருந்தாலும் பின் ஷாக்கைப் பாருங்கள்.

அதற்கு அடுத்த வாரம் மறுபடி போனோம். உசிலம்பட்டி தாண்டிப் பேசிக்கொண்டே வந்தேன், அம்மாவுக்கு வாங்கிய மருந்தைப் பற்றியோ என்னவோ. கணவாயில் அந்த டீக்கடை ஓரம் வண்டியை மெதுவாக்கி, பழக்கத்தில், “இறங்குறியாம்மா?” என்று கேட்டார். எதற்கு என்றேன். அப்படியே ஆண்டிபட்டிக்குள் இறங்கிவிட்டோம்.